இந்தப் பழம் புளிக்கும்: ஷாம்பெயின் உருவாகும் விதம், படிப்படியாக

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று நரி சொல்லிவிட்டுப் போனதே, ஷாம்பெயினுக்கு அந்தப் பழம்தான் வேண்டும். இனித்துக் கனிந்த பழம் ஆகாது. தின்பதற்கு வாங்கும் திராட்சையில் எதையெல்லாம் குறை என்று சொல்லிக் கடைக்காரரிடம் திருப்பித் தருவோமோ, அதெல்லாம் இங்கே தகுதி.

இன்னொரு தப்பெண்ணத்தையும் முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். நுரைக்கிற ஒயின் என்றால் வாயுவை அடித்து ஏற்றியிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கோலி சோடா அப்படித்தான்: தண்ணீர், வாயு, அழுத்தம், அவ்வளவுதான். மலிவான சில நுரை ஒயின்களையும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஷாம்பெயினில் ஒரு குமிழிகூட வெளியிலிருந்து வருவதில்லை. மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு விடும் மூச்சு அது. வெளியேற வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். மூடியைத் திறந்ததும் கிளம்பி வருகிறது.

நுரை ஒயின் பல நாடுகளில், பல விதமாகச் செய்யப்படுகிறது. இங்கே நான் விவரமாகச் சொல்லப்போவது பிரான்சின் ஷாம்பெயின் வட்டார முறை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை நாலு வரியில் சொல்லிவிடலாம்.

முதலில் ஊரும் மண்ணும்

பாரிசுக்குக் கிழக்கே, காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஷாம்பெயின். ரீம்ஸ், எப்பெர்னே இரண்டும்தான் முக்கிய ஊர்கள். சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டம். அந்த எல்லைக்குள் விளைந்த திராட்சையிலிருந்து, அங்கே வகுத்த விதிப்படி செய்தால் மட்டும்தான் 'ஷாம்பெயின்' என்று பெயர் வைக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் அதே ரகத்தை நட்டு அதே மாதிரி செய்தாலும் அது வெறும் நுரை ஒயின்தான்.

நிலநடுக்கோட்டிலிருந்து 49 டிகிரி வடக்கு. ஆண்டு முழுக்கச் சராசரி வெப்பநிலை 11 டிகிரியை ஒட்டி. திராட்சை பழுப்பதற்கே திணறும் இடம். வசந்தத்தில் தளிர் விட்ட பிறகும் பனி வந்து கருக்கிவிட்டுப் போகும். சாதாரண ஒயின் செய்ய இது கஷ்டமான ஊர். பழத்தில் சர்க்கரை ஏறாது, புளிப்பு இறங்காது. அந்தக் கஷ்டமே நுரை ஒயினுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது.

மண்ணுக்கு அடியில் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட நாளில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதே பாறையை ரோமானியர் காலத்திலிருந்து கட்டடத்துக்காக வெட்டி எடுத்ததில் ரீம்ஸ் நகருக்கு அடியில் பெரும் பெரும் குழிகள் விழுந்தன. பிற்பாடு அவையே ஒயின் நிலவறைகள் ஆயின. கோடையோ பனியோ, உள்ளே 10 முதல் 12 டிகிரி. முதல் உலகப் போரில் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தபோது மக்கள் இந்த நிலவறைகளில்தான் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட அங்கேயே நடந்தது.

மூன்று திராட்சைகள்

வெள்ளையாகப் பளபளக்கும் ஷாம்பெயினில் பெரும்பகுதி கறுப்புத் திராட்சையிலிருந்து வருகிறது என்றால் முதல் தடவை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். திராட்சையின் நிறம் தோலில்தான் இருக்கிறது. சாறு நிறமற்றது. தோல் ஊறாமல் சாற்றை மட்டும் பிரித்தால் கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் கிடைக்கும்.

பினோ நுவார் கறுப்பு. தோட்டப் பரப்பில் ஏறக்குறைய 38 சதவீதம் இதுதான். ஒயினுக்கு உடம்பும் முதுகெலும்பும் தருவது இது. ரீம்ஸ் மலைச்சரிவுகளிலும் தெற்கே ஓப் மாவட்டத்திலும் அதிகம்.

மெனியேவும் கறுப்பு. பெயருக்கு 'மாவு அரைப்பவர்' என்று பொருள். இலையின் அடிப்புறத்தில் மாவு தூவியதுபோல் வெண்மையான ரோமம் இருப்பதால் அந்தப் பெயர். தாமதமாகத் தளிர் விடும், ஆகவே வசந்தப் பனியிலிருந்து தப்பிக்கும். மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குளிர்ந்த தாழ்நிலங்களில் இதை நடுவதன் காரணம் அதுதான். பழவாசனை, மென்மை, சீக்கிரம் குடிக்கத் தயாராகும் குணம் எல்லாம் இதனுடையவை. நெடுங்காலம் இதை இரண்டாந்தர ரகமாகவே நடத்தினார்கள். என் கணக்கில் அது அநியாயம். மெனியே மட்டும் வைத்துச் செய்யும் சிறு விவசாயிகளின் பாட்டில்கள் இப்போது தேடி வாங்கப்படுகின்றன.

ஷார்டனே வெள்ளை. எப்பெர்னேவுக்குத் தெற்கே, 'வெள்ளைச் சரிவு' என்றே பெயர் கொண்ட கோட் தே பிளாங்க் பகுதியில் அதிகம். கூர்மையான புளிப்பு, எலுமிச்சை, வெள்ளைப் பூ வாசம். இளமையில் முறைத்துக்கொண்டு நிற்கும், பத்து வருடம் விட்டால் வறுத்த பாதாம் மாதிரி மணக்கும்.

ஆர்பான், பெட்டி மெலியே, பினோ பிளாங்க், பினோ கிரி என்று இன்னும் சில பழைய ரகங்களுக்கும் அனுமதி உண்டு. மொத்தப் பரப்பில் அவை ஒரு சதவீதம்கூட இல்லை.

லேபிளில் 'பிளாங்க் தே பிளாங்க்' என்று இருந்தால் வெள்ளைப் பழத்தில் மட்டும் செய்தது. 'பிளாங்க் தே நுவார்' என்றால் கறுப்புப் பழத்தில் மட்டும்.

நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை இதற்கு ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். தின்ன அருமையான பழம், ஆனால் வாசனை தூக்கலாக இருக்கும். ஷாம்பெயின் முறைக்கு அடங்கிய வாசனையும் அடங்காத புளிப்பும் வேண்டும். பன்னீர் திராட்சையின் பாட்டி உறவான மஸ்கட் பிளாங்க் இத்தாலியில் வேறொரு நுரை ஒயினாகிறது. அது பின்னால் வரும்.

பறிப்பது

கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. இயந்திரம் பழத்தைக் காம்பிலிருந்து உலுக்கி எடுக்கும், அதில் தோல் கிழியும், சாற்றில் நிறம் இறங்கிவிடும். ஆகவே முழுக் குலையாக வெட்டி, அடியில் ஓட்டையுள்ள ஆழமில்லாத பெட்டிகளில் அடுக்குகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியூர்களிலிருந்து வந்து குனிந்து வேலை செய்கிறார்கள். கொண்டாட்டத்தின் அடையாளமாகிப் போன இந்த பாட்டிலுக்குள் அவர்களுடைய முதுகுவலி இருக்கிறது. 2023 அறுவடையின்போது கடும் வெயிலில் தொழிலாளர்கள் சிலர் இறந்தது அங்கே பெரிய செய்தியானது.

எப்போது பறிப்பது என்பதுதான் முதல் பெரிய முடிவு. சாதாரண ஒயினுக்குப் பறிக்கும் பழத்தில் 13, 14 சதவீத ஆல்கஹாலுக்கு வேண்டிய சர்க்கரை இருக்கும். இங்கே 10 சதவீதத்துக்கு வேண்டியது இருந்தால் போதும். ஏனென்றால் பாட்டிலுக்குள் இன்னொரு முறை நொதிக்கும்போது ஒன்றேகால் சதவீதம் வரை கூடும். முதலிலேயே 13 இருந்தால் கடைசியில் தலை கனத்த, மந்தமான ஒயினாகிவிடும்.

முன்பெல்லாம் செப்டம்பர் பாதி தாண்டித்தான் கத்தரியை எடுப்பார்கள். 2003-ல் வெப்ப அலை வந்து ஆகஸ்டிலேயே பறிக்க நேர்ந்தபோது, 1822-க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை என்று பதிவேட்டைப் புரட்டினார்கள். இப்போது ஆகஸ்ட் அறுவடை அடிக்கடி நடக்கிற ஒன்று. பழம் நன்றாகப் பழுக்கிறது, அதனால் ஒயின்காரர்களுக்குக் கவலை. இங்கிலாந்தின் தெற்கே கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் அதே சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, குளிரும் இருக்கிறது. ஷாம்பெயினின் தெத்தான்ஜே நிறுவனம் கென்ட்டில் நிலம் வாங்கித் திராட்சை நட்டிருப்பது சும்மா இல்லை.

பிழிவது: முதல் பால், இரண்டாம் பால்

தேங்காய்ப் பால் எடுத்த கைக்கு இது உடனே புரியும். முதல் பிழிவில் வருவது கெட்டி, தனி ருசி. அடுத்த பிழிவில் வருவது நீர்த்தது. இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைப்போம். ஷாம்பெயினில் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

4,000 கிலோ திராட்சை ஒரு ஈடு. அதிலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டும்தான் எடுக்கலாம். முதலில் வரும் 2,050 லிட்டருக்கு 'குவே' என்று பெயர். புளிப்பும் தெளிவும் இதில்தான். பிறகு வரும் 500 லிட்டர் 'தாய்'. நம் தாய் அல்ல, பிரெஞ்சில் 'வெட்டு'. பிழிந்து இறுகிய திராட்சைக் குவியலை மண்வெட்டியால் வெட்டிப் புரட்டி மறுபடி அழுத்தியதால் வந்த சொல். இதில் புளிப்பு குறைவு, நிறமும் துவர்ப்பும் கூடுதல். சில நிறுவனங்கள் தாயைத் தொடுவதே இல்லை, விற்றுவிடுகின்றன. வேறு சிலர் அளவோடு கலக்கிறார்கள்.

அழுத்தம் மெதுவாக, நிதானமாக ஏற வேண்டும். அவசரப்பட்டு நசுக்கினால் கறுப்புத் தோல் தன் வேலையைக் காட்டிவிடும். முழுக் குலையாகப் போடுவதன் பயன் இங்கேதான் தெரியும். காம்புகள் இடைவெளி விட்டு வைப்பதால் சாறு தோலோடு அதிகம் உரசாமல் வழிந்து ஓடுகிறது.

முதல் நொதிப்பு

சாற்றை ஓரிரவு தெளியவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். பழைய வழக்கப்படி ஓக் மரப் பீப்பாய் பயன்படுத்துபவர்களும் உண்டு. சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. இந்த வாயுவைப் பிடித்து வைப்பதில்லை, காற்றில் போகவிடுகிறார்கள்.

அதன்பின் பெரும்பாலோர் இன்னொன்றும் செய்கிறார்கள். மாங்காய்ப் புளிப்பு போன்ற மாலிக் அமிலத்தை, தயிர்ப் புளிப்பு போன்ற லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாவை வேலை செய்ய விடுகிறார்கள். புளிப்பின் பல் கொஞ்சம் மழுங்கும். வெப்பமான ஆண்டில் புளிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதை வேண்டாம் என்று தடுத்து வைப்பதும் உண்டு.

இப்போது கையில் இருப்பது நுரையில்லாத வெள்ளை ஒயின். இதைக் குடித்துப் பார்த்தால், இதற்கா இவ்வளவு பேர் என்று தோன்றும். வாசனை அதிகமில்லை, பல் கூசும் புளிப்பு.

கலப்பது

இந்தக் கட்டத்தைத்தான் நான் இந்தத் தொழிலின் மூளை என்பேன். வசந்தத்துக்கு முன், நிலவறைத் தலைவரும் அவருடைய குழுவும் உட்கார்ந்து கிராமம் கிராமமாக, ரகம் ரகமாக, தொட்டி தொட்டியாகச் சுவைக்கிறார்கள். கடந்த ஆண்டு அறுவடை மட்டும் அல்ல, பழைய ஆண்டுகளிலிருந்து சேமித்து வைத்த ஒயின்களும் மேசையில் இருக்கும். வானிலையை நம்ப முடியாத ஊரில் ஒரு நல்ல ஆண்டைச் சேமித்து மோசமான ஆண்டுக்குக் கை கொடுப்பது, குதிரில் நெல் சேர்த்து வைப்பதற்குச் சமம்.

குருக் நிறுவனத்தின் 'கிராண்ட் குவே' என்ற ஷாம்பெயின் ஒரு பாட்டிலில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் அதிகமான ஒயின்கள் கலந்திருக்கும். பெரும்பாலான ஷாம்பெயின் பாட்டிலில் ஆண்டு அச்சிடாததன் காரணம் இந்தக் கலவைதான். பிரமாதமாக அமைந்த ஆண்டில் மட்டும் அந்த ஒரே அறுவடையை வைத்துச் செய்து ஆண்டைப் போடுகிறார்கள்.

இந்தச் சுவைப்பில் கஷ்டம் என்னவென்றால், இன்று நாக்கில் படுவதை வைத்து மூன்று, நாலு வருடம் கழித்து நுரையோடும் ஈஸ்ட் வாசனையோடும் அது எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டும்.

இளஞ்சிவப்பு ஷாம்பெயின் வேண்டுமென்றால் பொதுவாக இந்தக் கட்டத்தில்தான் அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயினைக் கொஞ்சம் கலக்கிறார்கள்.

டாம் பெரிஞ்ஞோன் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். 1668 முதல் 1715-ல் இறக்கும்வரை ஓவில்லே மடத்தின் நிலவறையைக் கவனித்த துறவி. ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. "வாருங்கள், நான் நட்சத்திரங்களைப் பருகுகிறேன்" என்று கத்தினாராம். அது பல காலம் கழித்து விளம்பரக்காரர்கள் அவர் வாயில் போட்ட வசனம். உண்மையில் அவர் காலத்தில் குமிழி ஒரு குறை. அதை வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். அவருடைய நிஜமான பங்கு பல தோட்டத்துப் பழங்களைப் பார்த்துச் சேர்ப்பதிலும், கறுப்புப் பழத்திலிருந்து தெளிந்த வெள்ளை ஒயின் எடுப்பதிலும் இருந்தது.

குமிழியை முதலில் விரும்பியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1662-ல் கிறிஸ்டோபர் மெர்ரெட் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், ஒயினைத் துள்ள வைக்க வணிகர்கள் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்ப்பதாக எழுதியிருக்கிறார். அங்கே நிலக்கரி அடுப்பில் செய்த கெட்டியான கண்ணாடி இருந்தது. பிரான்சின் மெல்லிய பாட்டில்கள் அந்த அழுத்தத்தில் சிதறிப்போகும்.

பாட்டிலில் அடைப்பது

கலந்த ஒயினோடு ஈஸ்ட்டும் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையும் சேர்த்து, பாட்டிலில் நிரப்பி, சோடா பாட்டிலுக்குப் போடுவது போன்ற தகர மூடியால் அடைக்கிறார்கள். ஒரு பாட்டிலுக்கு 18 கிராம், அதாவது நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை. கணக்கு எளிது: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு வளிமண்டல அழுத்தம். 24 கிராமுக்கு 6.

பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 33 என்று சொல்லிக் காற்றடிக்கிறோம் அல்லவா, அந்த அளவையில் இந்த பாட்டிலுக்குள் 90-ஐ ஒட்டி இருக்கும். ஷாம்பெயின் பாட்டில் 800 கிராமுக்கு மேல் கனப்பதும் அடியில் உள்பக்கமாகக் குழிந்திருப்பதும் இதைத் தாங்கத்தான்.

இந்த எளிய கணக்கு தெரியாத காலத்தில் நிலவறை போர்க்களமாக இருந்தது. ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பது உடையும், அது அடுத்ததை உடைக்கும். சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் நாசமானது. தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். 1830-களில் ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ஷான்-பாப்திஸ்த் பிரான்சுவா, ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரையை அளந்து எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிட வழி சொன்ன பிறகுதான் உடைசல் குறைந்தது. அந்தத் தொழில் அவருக்குப் பட்ட கடன் பெரிது. பெயர்தான் யாருக்கும் தெரியாது.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வீட்டுப் பழைய பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். சாதாரண ஒயின் பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. கண்ணாடிச் சில்லு கண்ணைத்தான் தேடி வரும்.

காத்திருப்பது

பாட்டில்களைப் படுக்க வைத்து நிலவறையில் அடுக்குகிறார்கள். குளிரில் ஆறு முதல் எட்டு வாரம் மெதுவாக நொதிக்கும். சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும். நியாயமாகப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் ருசி தொடங்குவதே இந்தச் செத்த ஈஸ்ட்டிலிருந்துதான்.

மாதங்கள் ஆக ஆக ஈஸ்ட் செல்கள் தாமே சிதைந்து, உள்ளிருக்கும் புரதத் துணுக்குகளை ஒயினுக்குள் விடுகின்றன. சுடச்சுட பேக்கரிக் கதவைத் திறந்தால் வருமே ஒரு ரொட்டி வாசனை, அது ஷாம்பெயினில் வருவது இதனால்தான். வாயில் ஒரு வழவழப்பும் சேரும். சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு அச்சிட்டது என்றால் 3 வருடம். நல்ல நிறுவனங்கள் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வைத்திருக்கின்றன. இத்தனை வருடம் ஒயினைக் கெடாமல் காப்பதில் அந்தப் புளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பறிக்கும்போது அதற்காக அத்தனை பாடுபட்டது ஏன் என்று இப்போது புரியும்.

திருப்பித் திருப்பிக் கீழிறக்குவது

சரி, வண்டலோடு குடிக்க முடியாதே. கலங்கலை எடுக்க வேண்டும், வாயுவை விடக் கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு கைம்பெண்ணின் நிறுவனம். பார்ப்-நிக்கோல் கிளிக்கோ, 1805-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. மணமான பெண் தன் பேரில் தொழில் நடத்தச் சட்டம் இடம் தராத காலம் அது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. 'வேவ் கிளிக்கோ' என்றால் 'கைம்பெண் கிளிக்கோ' என்றே அர்த்தம். 1816 வாக்கில் சமையலறை மேசையில் ஓட்டைகள் போட்டு பாட்டில்களைத் தலைகீழாகச் செருகிப் பார்த்தார் என்பது கதை. அவருடைய நிலவறைத் தலைவர் அந்தோன் முல்லரோடு சேர்ந்து முறையைத் தேற்றினார்.

கூடாரம் மாதிரி சாய்த்து நிறுத்திய இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் 60 ஓட்டை. பாட்டிலின் கழுத்தை ஓட்டையில் செருகி, அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள். தினமும் தொழிலாளி வந்து இரண்டு கையாலும் இரண்டிரண்டு பாட்டிலாகப் பிடித்து, ஒரு சிறு குலுக்கு, எட்டில் ஒரு பங்கு சுழற்று, ஒரு மயிரிழை நிமிர்த்து. கோட்டைப் பார்த்தால் நேற்று எங்கே நின்றது என்று தெரியும். டக் டக் டக் என்று கண்ணாடி மரத்தில் இடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். கைதேர்ந்தவர் ஒரு நாளில் 40,000 பாட்டில் வரை திருப்புவார். நாலு முதல் ஆறு வாரத்தில் பாட்டில் செங்குத்தாகத் தலைகீழ் நிற்கும், வண்டல் முழுக்க மூடியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது பெரும்பாலும் இயந்திரம். 500 பாட்டில் கொண்ட இரும்புக் கூண்டு தானே அசைந்து ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. 1970-களில் ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்த யோசனை. ருசியில் வித்தியாசம் இல்லை என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வண்டலை எடுப்பது

தலைகீழ் பாட்டிலின் கழுத்தை மட்டும் மைனஸ் 27 டிகிரி உப்புக் கரைசலில் சில நிமிடம் முக்கினால் வண்டலும் அதை ஒட்டிய ஒயினும் உறைந்து பனிக்கட்டித் தக்கை ஆகிவிடும். பாட்டிலை நிமிர்த்தித் தகர மூடியைத் தட்டிவிட்டால் உள்ளழுத்தம் அந்தத் தக்கையைத் தோட்டா மாதிரி வெளியே தள்ளும். பின்னாலேயே கொஞ்சம் ஒயினும் நுரையும் போகும், அவ்வளவுதான்.

கையால் செய்பவர்கள் பனிக்கட்டி இல்லாமலே செய்வார்கள். தலைகீழாகப் பிடித்த பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் மேலே தூக்கிக்கொண்டே, உள்ளிருக்கும் காற்றுக் குமிழி கழுத்தை நோக்கி ஏறுவதைப் பார்த்து, அது வண்டலைத் தொடும் கணத்தில் மூடியைப் பிடுங்கி, வெடித்து வந்ததும் கட்டைவிரலால் அடைப்பார்கள். அரை நொடி முந்தினால் ஒயின் வீண், அரை நொடி பிந்தினால் கலங்கல் உள்ளேயே நின்றுவிடும்.

கடைசிச் சர்க்கரை, தக்கை, கம்பி

குறைந்த அளவை ஒயினில் கரைத்த கரும்புச் சர்க்கரையால் நிரப்புகிறார்கள். லேபிளில் நம்மைக் குழப்பும் சொற்கள் எல்லாம் இந்தச் சர்க்கரையின் அளவுதான். சர்க்கரையே சேர்க்காமல் லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்தால் 'புரூட் நேச்சர்', 6 வரை 'எக்ஸ்ட்ரா புரூட்', 12-க்குக் கீழே 'புரூட்'. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது 12 முதல் 17. பெயரைப் பார்த்து இனிப்பே இருக்காது என்று வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. 'செக்' 32 வரை, 'டெமி-செக்' 50 வரை. கேக், பாயசத்தோடு குடிக்க ஏற்றது டெமி-செக்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாக்குக்கு இதெல்லாம் பத்தாது. 2010-ல் பால்டிக் கடலில், பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட பழைய ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்தார்கள். சோதித்ததில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை, இன்றைய கோலாவைவிடத் தித்திப்பு. லண்டன்காரர்கள் இனிப்பு வேண்டாம் என்று கேட்டதைக் காதில் வாங்கி, 1874 அறுவடையில் இனிப்பில்லாத ஷாம்பெயினைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் லூயிஸ் பொம்மெரி. அவரும் கைம்பெண்தான்.

பிறகு தக்கை. பாட்டிலில் ஏறும் முன் அது நேரான உருளை, 31 மில்லிமீட்டர் குறுக்களவு. கழுத்துக்குள் போகும் கீழ்ப்பாதியை நசுக்கிச் செருகுவதால்தான் வெளியே எடுக்கும்போது காளான் வடிவில் இருக்கிறது. மேலே கம்பிக்கூடு. அதன் மூலவடிவத்துக்கு 1844-ல் காப்புரிமை வாங்கியவர் அடோல்ஃப் ஜாக்கசோன்.

மற்ற ஊர்கள்

ஸ்பெயினின் காவா இதே முறைதான், 1872-லிருந்து. பழம் வேறு: மகபேயோ, சரேலோ, பரேயாதா. வண்டலோடு குறைந்தது 9 மாதம்.

இத்தாலியின் புரொசெக்கோ கிளேரா என்ற திராட்சையில் செய்வது. இரண்டாம் நொதிப்பு பாட்டிலில் நடக்காமல், மூடிய பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கும். 1895-ல் மார்தினோத்தி தொடங்கி, 1907-ல் ஷார்மா மேம்படுத்திய வழி. ரொட்டி வாசனை வராது, பேரிக்காய், பூ வாசனை அப்படியே நிற்கும். இது மட்டமானது என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பழத்துக்கு அதுதான் சரியான வழி.

ஆஸ்தி என்பது மஸ்கட் பிளாங்க் திராட்சையில் ஒரே நொதிப்பு, பாதியில் குளிரவைத்து நிறுத்திவிடுவார்கள். ஆல்கஹால் 7 சதவீதம்போல, மிச்சமெல்லாம் இனிப்பு.

இந்தியாவில் நாசிக் வட்டாரத்தில் பாட்டில் முறையிலேயே செய்கிறார்கள், ஷெனின் பிளாங்க் முக்கியமான ரகம். வெயில் நாட்டில் புளிப்பைக் காப்பாற்ற, குளிர்காலத்திலேயே மற்ற ஒயின்களுக்கான பழத்துக்கு முன்பாகப் பறித்துவிடுகிறார்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

என் முதல் பாட்டிலைக் கம்பியை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு டம்ளர் எடுக்கத் திரும்பினேன். தக்கை டியூப்லைட்டில் போய் அடித்தது. அப்புறம் இருட்டில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆகவே கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து தக்கை மேல் வைத்த கையை எடுக்கவே கூடாது.

ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் வையுங்கள், 8 முதல் 10 டிகிரிக்கு வந்துவிடும். சூடான பாட்டில்தான் பீய்ச்சும். கம்பியை ஆறு அரைச் சுற்று திருகினால் தளரும், கழற்ற வேண்டாம். கம்பியோடு சேர்த்துத் தக்கையை உள்ளங்கையில் இறுகப் பிடித்து, ஆள் இல்லாத பக்கம் சாய்த்து, தக்கையை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள். தானாகத் தள்ளிக்கொண்டு வரும், விடாமல் எதிர்த்துப் பிடித்தால் 'பட்' என்ற வெடிக்குப் பதில் 'புஸ்' என்ற பெருமூச்சு மட்டும் கேட்கும். ஒரு பாட்டிலில் சுமார் 5 லிட்டர் வாயு கரைந்திருக்கிறது. வெடிக்க விட்டால் அதில் ஒரு பங்கைக் கூரைக்குக் கொடுத்ததாக ஆகும்.

டம்ளரில் ஒரே புள்ளியிலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷெரார் லிஷே-பெலேர் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பல வருடம் ஆராய்ந்தவர். துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ ஒட்டிக்கொண்ட நுண்ணிய நாருக்குள் சிக்கிய காற்றில்தான் குமிழி பிறக்கிறது. அப்பழுக்கில்லாமல் கழுவி, தூசி படாமல் வைத்த வழுவழுக் கண்ணாடியில் ஊற்றினால் குமிழியே அவ்வளவாக வராது. சோப்பு மிச்சம் இருந்தாலும் நுரை செத்துவிடும். அதனால் டம்ளரை வெறும் வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, லேசாகச் சாய்த்து ஓர் அங்குலம் ஊற்றுங்கள். நுரை பொங்கி அடங்கட்டும், பிறகு மிச்சத்தை ஊற்றலாம்.